லினக்ஸ் நிறுவ ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு

முந்தாநாள் மாலை வரை என் மடிக்கணினியில் விண்டோஸ் இருந்தது. அதில் 340 ஜிபி இருந்தது: எட்டு வருடப் புகைப்படங்கள், பாதி எழுதிய ஆய்வேடு, அலுவலகக் கணக்குகள். இன்று ஒன்றுமில்லை. அழித்துக் கொடுத்தவருக்கு என் இரண்டு நாள் சம்பளத்தைக் கூலியாகவும் கொடுத்திருக்கிறேன்.

பழுதுபார்ப்பவர்களை வீட்டுக்கே அனுப்பும் செயலிகளில் ஒன்று. விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் உபுண்டு (லினக்ஸ் இயங்குதள வகைகளில் ஒன்று) போட வேண்டும் என்று தெளிவாக எழுதித்தான் பதிவு செய்தேன். வந்தவரிடம், "பேக்கப் எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டேன். "இருநூறு மெஷினுக்குப் போட்டிருக்கிறேன் சார், ஒன்றுகூடப் போனதில்லை" என்று சிரித்தார். அந்த இருநூறில் விழுந்தேன். வெளி ஹார்ட் டிஸ்க் அலமாரியில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. அதை எடுத்தால் அவரை நம்பாததுபோல் ஆகிவிடுமே என்று கூச்சம். என்ன கூச்சமோ!

பென்டிரைவிலிருந்து நிறுவத் தொடங்கியதும் பிட்லாக்கர் பூட்டு (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் விண்டோஸ் வசதி) இருப்பதாக எச்சரிக்கை வந்தது. விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக நுழைந்தால் பல மடிக்கணினிகளில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகிவிடும் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? விண்டோஸுக்குத் திரும்பிப் போய், குறியாக்கத்தை நீக்கிவிட்டு, அதன் பிறகு இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும்; அவருக்கோ அடுத்த வீடு காத்திருந்தது. டிஸ்க்கை அழித்து உபுண்டு நிறுவும் வரியின்மேல் அவருடைய சுட்டி நின்றது. "அழித்து என்று இருக்கிறதே?" என்றேன். "அது காலி இடத்தைச் சொல்கிறது சார்" என்றபடியே அழுத்தினார்.

மறுபடி இயக்கியபோது உபுண்டு மட்டும் வந்தது. "ஓஎஸ்-புரோபர் அணைந்திருக்கும், ஒரே ஒரு கட்டளைதான், இரவு போனில் சொல்கிறேன்" என்றார். ஓஎஸ்-புரோபர் என்பது டிஸ்க்கில் வேறு இயங்குதளம் இருக்கிறதா என்று தேடித் தொடக்கப் பட்டியலில் சேர்க்கும் நிரல். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் எரிச்சல். அந்தப் பட்டியலைக் காட்டும் கிரப் நிரலில், 2021இல் வந்த 2.06 பதிப்பு முதல் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைந்துதான் இருக்கும். நம்பி, செயலியில் 'வேலை முடிந்தது' பொத்தானை அழுத்திவிட்டேன். இரவு போன் வரவில்லை. நானே டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். கணினியைத் தொடங்கிவைக்கும் ஒரு சிறிய இஎஃப்ஐ பகுதி, அதையடுத்துக் கடைசிவரை ஒரே லினக்ஸ் பகுதி. எந்தக் கட்டளை போட்டு எதைக் கொண்டுவருவது?

மறுநாள் அவர், "உங்கள் டிஸ்க்கில் முன்பே கோளாறு இருந்திருக்கும்" என்றார். செயலியின் உதவிப் பிரிவில், "வேலை முடிந்ததாக நீங்களே உறுதிசெய்திருக்கிறீர்கள்" என்றார்கள். இன்னொருவரிடம் மாற்றினார்கள், அவரும் அதே வரியை, ஓர் எழுத்தும் மாறாமல் அனுப்பினார். மூன்றாமவர் தரவு மீட்புக்குத் தனிக்கட்டணம் என்றார். என் இரண்டு நாள் சம்பளத்தைத் திருப்பித் தாருங்கள் என்றதும் உரையாடல் மூடப்பட்டது.

தரவு மீட்பு செய்யும் ஒருவரிடம் விசாரித்தேன். எஸ்எஸ்டி வகை டிஸ்க், அதிலும் குறியாக்கம் செய்தது, அதன்மேல் புதிதாக ஃபார்மேட் வேறு. ஆசைப்பட வேண்டாம் என்று ஒளிக்காமல் சொன்னார். இந்த விவகாரத்தில் என்னிடம் நேர்மையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவி என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. திறக்கத்தான் ஒன்றுமில்லை.

விளக்கமாக அறிவுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். 340 ஜிபியும் இரண்டு நாள் சம்பளமும் கண்முன் வந்து நிற்பதால் கை ஓடவில்லை. பேக்கப்பை ஆள் வருவதற்கு முன்பே எடுத்து, அந்த வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தனியே வையுங்கள். பிட்லாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள், விண்டோஸை முழுதாக அணையவிடாமல் பாதி உறக்கத்தில் வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். லினக்ஸுக்கான இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே சுருக்கி ஒதுக்குங்கள். திரையில் 'அழி' என்று வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், சங்கடம் பார்க்காதீர்கள். விண்டோஸுக்குள் போய் உங்கள் கோப்பு ஒன்றைத் திறந்து பார்க்காமல் அந்த 'வேலை முடிந்தது' பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள்.