ஈர மிளகாயைத் திருப்பிக் கொடுத்த மில்

பினாங்கு லிட்டில் இந்தியாவில், குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது இந்த மசாலா மில். முதல் தடவை போனபோது என் மிளகாயை அரைக்கவே இல்லை. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி பிடித்து, 1 கிலோ மிளகாய், 2 கிலோ மல்லி, கொஞ்சம் விரலி மஞ்சள் எல்லாம் சுமந்துகொண்டு போயிருந்தேன். மில்லில் நிற்கும் அண்ணன் ஒரு மிளகாயை எடுத்துக் காதருகே உலுக்கினார், அப்புறம் வளைத்துப் பார்த்தார். "வளையுதும்மா, ஒடியல. உள்ள விதையும் கலகலக்கல. ரெண்டு நாள் வெயில்ல காயவச்சு எடுத்துட்டு வாங்க" என்று பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் காரணம் சொன்னபோது, இரண்டு வருடமாக எங்கள் வீட்டு மிளகாய்த்தூள் ஏன் கட்டி பிடித்துப் பூசணம் பூத்தது என்று புரிந்துபோனது. ஈர மிளகாய் இயந்திரத்துக்குள் இருக்கும் சல்லடையில் அப்பிக்கொள்ளும், தூள் சீக்கிரம் வெளியே வராமல் உள்ளேயே சுற்றிச் சுற்றிச் சூடேறும், நிறம் மங்கும், வாசனையும் போய்விடும், வீட்டுக்கு வந்தபின் மிச்ச ஈரம் டப்பாவுக்குள் வேலையைக் காட்டும். முன்பு நான் போய்க்கொண்டிருந்த மில்லில் எதைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் கொட்டி அரைத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். நானோ டப்பாவையும் மழையையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்கு நாள் கழித்துத் திரும்பப் போனேன். அன்று அவர் வேலை செய்வதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முதலில் மல்லி, அடுத்து மிளகாய், கடைசியில்தான் மஞ்சள், ஏனென்றால் மஞ்சளை முன்னால் போட்டால் அதன் நிறமும் வாசனையும் பின்னால் வரும் எல்லாவற்றிலும் ஏறிவிடும். மஞ்சளை முழுசாகப் போடவும் விடவில்லை, உலக்கையால் தட்டித் துண்டாக்கிய பிறகுதான் எடுத்தார். என் மல்லிக்கு முன்னால் ஒரு பிடி பச்சரிசியை ஓட்டி, அதைத் தனியாக ஒதுக்கினார். "எந்த மில்லுலயும் முதல்ல வர்ற பிடி உங்களுது இல்லம்மா, முன்னாடி அரைச்சவங்களுது" என்றார். இத்தனை வருடம் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. அரைத்து முடித்ததும், தூள் வெளியே வரும் வாயில் கட்டியிருந்த துணிக்குழாயை நன்றாகத் தட்டி உதறி, அதில் ஒட்டியிருந்ததையும் என் பாத்திரத்திலேயே சேர்த்தார்.

இன்னொன்றும் சொன்னார், எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். மில்லிலிருந்து வரும் தூள் சூடாக இருக்கும். அதை அப்படியே மூடினால் ஆவி மூடியில் வேர்த்துத் தூளிலேயே சொட்டும். வீட்டுக்குப் போனதும் அகலத் தட்டில் பரப்பி, கை வைத்தால் சில்லென்று இருக்கும்வரை ஆறவிட்டு, அதன்பிறகுதான் டப்பாவில் அடைக்கவேண்டும். அப்படிச் செய்து ஐந்து மாதமாகிறது, அந்த மிளகாய்த்தூளில் இன்றுவரை ஒரு கட்டிகூட இல்லை, மீன் கறியில் போட்டால் நிறம் அப்படியே எடுக்கிறது.

குறைகளும் உண்டு. கூலி மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடத்தான். கூட்டம் இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட்டு அரைப்பார், அவசரப்பட்டு நிறையக் கொட்டினால் தூள் கருகல் வாசனை அடிக்குமாம். அதனால் ஒரு மணி நேரம் நிற்கவேண்டி வரலாம், உட்கார நாற்காலி கிடையாது, தும்மலும் நிற்காது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். எனக்கு இந்தக் கூலியும் காத்திருப்பும் தகும் என்றே படுகிறது, தன் கையில் வந்த வேலையையே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய மனிதரை நான் வேறு எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

தீபாவளிக்கு அரைப்பவர்கள் கடைசி வாரம்வரை வைத்திருக்காதீர்கள். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் மழை அதிகம், மிளகாய் காயாது. ஆகஸ்டிலேயே மிளகாய், மஞ்சள் இரண்டையும் முடித்துவிட்டு, பட்டை, கிராம்பு, ஏலக்காயை மட்டும் பண்டிகை நெருக்கத்தில் வீட்டு மிக்ஸியிலேயே பொடித்துக்கொள்ளச் சொன்னார். காலையில் கடை திறந்த கையோடு போங்கள், இயந்திரம் அதிகம் சூடாகியிருக்காது. வாயகன்ற எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை மறக்காமல் எடுத்துப் போங்கள், சூட்டோடு இருக்கும் தூளை அவர் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தரமாட்டார்.