இரண்டாவது மெஷினுக்கு உறை பிரிக்கவில்லை

இதய ரத்தக்குழாய் அடைக்காமல் இருக்க எனக்கு ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்து நான்கு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து இதே இதய கிளினிக்தான். டாக்டருக்கு ஐந்து நட்சத்திரம் தாராளமாகக் கொடுப்பேன். கிளினிக்குக்கு மூன்றுதான்.

வேலையில் இருந்த காலத்தில் முப்பது பேருக்கு ஷிப்ட் போட்டவன் நான். எந்த இடத்தில் ஆள் குறைகிறது என்பது கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும். போன வாரம் ஒன்பதரைக்கு எக்கோ, அதாவது இதய ஸ்கேன், என்று சொல்லியிருந்தார்கள். கூப்பிட்டபோது மணி பன்னிரண்டேகால். உள்ளே இரண்டு மெஷின்கள். புதிதாக வாங்கியதற்கு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. "ஆள் கிடைச்சாத்தான் சார் அதைப் பிரிப்பாங்க" என்றார் எக்கோ எடுக்கும் பெண். முன்பு மூன்று பேர் இருந்த இடத்தில் இப்போது அவர் ஒருவர்தான்.

ஒழுங்காக எக்கோ எடுக்க அரை மணி, முக்கால் மணி ஆகும். அவ்வளவு நேரமும் கையை நீட்டி, நெஞ்சில் கருவியை அழுத்திப் பிடித்து, கோணம் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். நடுவில் இரண்டு முறை தோளை உதறிக்கொண்டார். இந்த வேலையில் தோள்வலியும் மணிக்கட்டு வலியும் சர்வசாதாரணம். ஒருவர் விட்டுப் போனால் அவர் பங்கு மிச்சமிருப்பவர் தோளில் ஏறுகிறது, அப்புறம் அந்தத் தோளும் போகிறது. மெஷினுக்குக் கொட்டிய பணத்தில் கொஞ்சத்தைச் சம்பளத்தில் போட்டிருக்கலாம். இத்தனைக்கும் அவர் என் எக்கோவை அவசரப்படுத்தவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

டாக்டர் வந்தது ஒன்றரைக்கு. முதல் நாள் இரவு மாரடைப்போடு ஒருவர் வந்தாராம். வாசலில் நுழைந்த 90 நிமிடத்துக்குள் பலூன் வைத்து அடைப்பைத் திறந்துவிட வேண்டும் என்பது கணக்கு. டாக்டரோடு நர்ஸ், டெக்னீஷியன் எல்லோரும் எக்ஸ்ரே கதிர் படாமல் இருக்க ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு நின்றாக வேண்டும். விடிந்ததும் அதே ஆட்கள்தான் எங்களைப் பார்க்கவும் வருகிறார்கள். இன்னொரு டாக்டர் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது, அந்த அறை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. அதற்காக நிர்வாகத்தை ரொம்பத் திட்ட மனம் வரவில்லை. இதய மருத்துவர் ஆக பத்து வருடத்துக்கு மேல் படிக்க வேண்டும், கேட்டவுடன் கிடைக்க மாட்டார்.

எனக்குக் கோபம் வந்தது போன் விஷயத்தில்தான். பல் பிடுங்க வேண்டியிருந்தது. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரினை நிறுத்தலாமா என்று கேட்கக் கூப்பிட்டேன். ஸ்டென்ட் வைத்தவர் அதைத் தானாக நிறுத்தக் கூடாது என்று இதே கிளினிக்தான் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியது. பதில் வர ஐந்து நாள்! "நிறுத்த வேண்டாம்", இரண்டே வார்த்தை. வரவேற்பில் இருப்பவர் நாள் முழுக்க காப்பீட்டு ஒப்புதலுக்காகப் போனில் காத்திருக்கிறார், நம் அழைப்பை யார் எடுப்பது? இதயத்துடிப்பைச் சீராக வைக்கும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களின் வீட்டிலிருந்தே அந்தக் கருவி அனுப்பும் எச்சரிக்கைகளையும் ஒரே நர்ஸ்தான் பார்க்கிறாராம். பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார்.

இங்கே போகிறவர்கள் காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். மருந்து பற்றிய கேள்விகளைத் தாளில் எழுதி டாக்டர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அந்த உறையைப் பிரித்த அன்று நான்காவது நட்சத்திரத்தைச் சேர்க்கிறேன்.