விண்டோஸ் எழும்பாத மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட்: நாள்பட்ட அனுபவம்

விண்டோஸ் படுத்துவிட்ட கணினியில், அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸைப் போட நினைப்பவர்கள் முட்டிக்கொண்டு நிற்பது முதல் படியில்தான். பூட்டபிள் பென்டிரைவ், அதாவது கணினியையே எழுப்பக்கூடிய பென்டிரைவ், தயாரிக்க ரூஃபஸ் என்ற நிரலை இறக்கு என்பார்கள். அது ஓடுவதோ விண்டோஸில். வேறு கணினி இல்லாத வீட்டில் என்ன செய்வது? ஆண்ட்ராய்டு கைபேசி போதும். என் பழைய மடிக்கணினிக்கு லினக்ஸின் ஒரு வகையான மின்ட் அப்படித்தான் வந்தது. இன்றுவரை அன்றாட வேலையெல்லாம் அதில்தான்.

இப்படிப் பென்டிரைவ் தயாரிக்க எட்ச்டிராய்டு என்று ஒரு கட்டற்ற செயலி இருக்கிறது. பழைய கணினிக்கு ஏற்ற, மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு சுமார் 3 ஜிபி வரும். அதைக் கைபேசியில் இறக்கி, கைபேசியோடு பென்டிரைவை இணைக்கும் ஓடிஜி கேபிளில் 8 ஜிபி பென்டிரைவைச் செருகினால், ரூட் (கைபேசியின் முழு அதிகாரம்) எதுவும் கேட்காமல் எழுதிவிடும். பென்டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் டிரைவில் ஏதோ கோளாறு, ஃபார்மட் செய் என்று கைபேசி சொல்லலாம். கண்டுகொள்ளாமல் பிடுங்கிவிடுங்கள். எழுதப்பட்டிருக்கும் வடிவம் ஆண்ட்ராய்டுக்குப் புரியாது, அவ்வளவுதான்.

அப்புறம் பென்டிரைவைக் கணினியில் செருகி, ஆன் செய்யும்போதே பூட் மெனுவுக்கான (எதிலிருந்து எழும்புவது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல்) விசையைத் தட்ட வேண்டும். பல மாடல்களில் எஃப்12, சிலவற்றில் எஸ்கேப் அல்லது எஃப்9. மின்ட் பென்டிரைவிலிருந்தே முழுதாக எழும்பி நிற்கும். உடனே இன்ஸ்டாலை அழுத்தாதீர்கள். என்னைக் கேட்டால், மொத்த வேலையிலும் மதிப்புள்ள கட்டம் இதுதான்.

விண்டோஸ் எழும்பாததற்கு ஹார்டு டிஸ்கே காரணமாக இருக்கலாம். மெனுவில் டிஸ்க்ஸ் என்ற நிரலைத் திறந்து, டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். 'கரன்ட் பெண்டிங் செக்டர்' (படிக்கச் சிக்கலாகி நிற்கும் பகுதிகள்) என்ற வரியில் சுழியத்துக்கு மேல் எண் இருந்து அது ஏறிக்கொண்டே போனால், அந்த டிஸ்கில் எதையும் நிறுவுவது வீண். எனக்கு அப்படித்தான் காட்டியது. படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்குக்கு நகலெடுத்துவிட்டு, ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) வாங்கி மாட்டிய பிறகே நிறுவினேன். பழைய விண்டோஸ் பார்ட்டிஷன் (டிஸ்கில் விண்டோஸ் இருக்கும் பகுதி) சாதாரண ஃபோல்டர் போலவே திறக்கும். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் மட்டும் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். அது இல்லாமல் கோப்புகள் கிடைக்காது.

வைஃபை தெரியவில்லையென்றால் பதற வேண்டாம். கைபேசியை யுஎஸ்பியில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங்கை ஆன் செய்தால் இணையம் வந்துவிடும். வைஃபை கருவியை இயக்கத் தேவையான டிரைவரை அப்புறம் டிரைவர் மேனேஜரில் எடுத்துக்கொள்ளலாம்.

நெடுநாள் புழங்கியதில் எனக்குப் பிடித்தது, வேலை நடுவே அப்டேட் என்று சொல்லித் தானாக ரீஸ்டார்ட் ஆகாததுதான். 4 ஜிபி ராமில் எழுத்து வேலை, கணக்கு, வீடியோ எல்லாம் ஓடும். பிரவுசரில் டேப்கள் பெருகினால் திணறும். தமிழில் தட்டச்சு செய்ய, தமிழ்99 விசைப்பலகையை அமைப்புகளில் சேர்த்துவிட்டால் போதும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த ஆவணங்களும் அந்த எழுத்துருவை நிறுவினால் சரியாகத் தெரிகின்றன. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. மின்ட் 22 வரிசைக்கோ 2029 வரை அப்டேட் உண்டு.

டேலி என்ற கணக்கு மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர்கள் மட்டும் யோசித்து இறங்குங்கள். அது விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் (மின் ஆவணங்களில் கையெழுத்திட உதவும் யுஎஸ்பி கருவி) எனக்கு ஒத்துழைக்கவில்லை, அந்த வேலைக்கு இன்னும் பக்கத்துக் கடைக்குத்தான் போகிறேன். பிரிண்டர், ஸ்கேனர் இருந்தால் நிறுவுவதற்கு முன்பே, பென்டிரைவில் ஓடும் மின்ட்டிலேயே இணைத்து ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள்.