பண்டிகைப் பரிசு: சீட்டுக் குலுக்கலா, கையால் செய்வதா?

பண்டிகை வந்தாலே கடை கடையாக ஏறி இறங்குவதை நிறுத்த நினைக்கும் குடும்பங்கள், பெயர் எழுதிய சீட்டைக் குலுக்கி எடுத்து அதில் வந்தவருக்கு மட்டும் பரிசு கொடுப்பதா, பரிசுகளைக் கையால் செய்வதா என்ற இந்த இரண்டில்தான் தடுமாறுகின்றன.

செலவு: 10 பேர் ஒருவருக்கொருவர் வாங்கினால் 90 பரிசுகள். சீட்டு எடுத்து ஆளுக்கு ஒருவர் என்றால் 10தான். உச்சவரம்பும் வைத்துவிடலாம். கையால் செய்தால் மலிவு என்பார்கள். ஆனால் கைவேலைக்கான சாமான்கள் விற்கும் கடைக்குள் போய் விலையைப் பார்த்தால் தெரியும், அப்படியொன்றும் மலிவில்லை என்று.

நேரம்: சீட்டுக்கு ஒரு மாலை போதும். கைவேலைக்கு வாரக்கணக்கில் வேண்டும். நடுவில் வேலை, பரீட்சை, காய்ச்சல் என்று ஏதாவது வரும். அப்புறம் கடைசி நேரத்தில் கடைக்குத்தான் ஓடவேண்டும்.

மனதில் நிலைப்பது: கைவேலைதான், சந்தேகமில்லை.

ஆளுக்கொரு ஊரில் இருக்கும் பெரிய குடும்பமா, சீட்டு. நாலைந்து பேர், ஓய்வும் இருக்கிறதா, கையால் செய்யுங்கள். சீட்டில் வந்த ஒருவருக்கு மட்டும் கையால் செய்வதும் சரிதான்.