கிளினிக் நடத்தக் கற்பது எங்கே: எம்.பி.ஏ. வகுப்பிலா, சீனியரின் ஓ.பி.யிலா?

எம்.டி. முடித்துவிட்டுச் சொந்தமாகக் கிளினிக் போட நினைக்கும் ஜூனியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் எம்.பி.ஏ. பண்ணட்டுமா, இல்ல ஒரு சீனியர்கிட்ட ஒரு வருஷம் உட்காரட்டுமா?" ஒற்றை அறைக் கிளினிக் என்றால் சீனியரிடம் போங்கள் என்றுதான் சொல்வேன்.

எம்.பி.ஏ.வைக் குறைத்துச் சொல்லவில்லை. முப்பது படுக்கை, ஆபரேஷன் தியேட்டர், ஷிப்டுக்கு நர்ஸ்கள் என்று திட்டம் இருந்தால் அது அவசியம் வேண்டும். வங்கிக்குத் திட்ட அறிக்கை போடவும் பாலன்ஸ் ஷீட் படிக்கவும் முறையாகச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அங்கே நடத்தும் மார்க்கெட்டிங் பாடம் நமக்கு அதிகம் உதவாது. 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி, கிளினிக் தொடங்கும்போது, முகவரி மாறும்போது, விடுப்பு முடிந்து திரும்பும்போது என்று சில தருணங்களில்தான் பத்திரிகையில் அறிவிப்பே கொடுக்கலாம். நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் அதே விதிகளில் தடை உண்டு. மாதக் கடைசியில் லேப்காரர் கவரோடு வந்து நின்றால் என்ன செய்வது? என் சீனியர், "அதை என் பேஷன்ட் பில்லுல குறைச்சிடுப்பா" என்று சொல்லி அனுப்பிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்கும் அது பழகிவிட்டது.

கணக்கும் அப்படித்தான் புரிந்தது. வாடகை 25,000, இரண்டு பேர் சம்பளம் 30,000, கரன்ட் பில்லும் மற்றதும் 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 65,000 ஆகிறது. ஃபீஸ் 250 என்றால் 260 பேர் பார்க்க வேண்டும். 26 நாளுக்கு, நாளொன்றுக்குப் பத்துப் பேர். பதினோராவது டோக்கனில்தான் நம் வருமானமே தொடங்குகிறது. இது தெரியாமல் மெயின் ரோட்டில் பெரிய இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சீனியரிடம் ஒரு குறை உண்டு. அவருடைய பழைய வழக்கங்களும் நம்மோடு வந்துவிடும். பணத்தை டிராயரில் போட்டுவிட்டுச் சீட்டு எழுதாமல் விடுவது, ஊசியையும் பஞ்சையும் ஒரே பையில் போடுவது எல்லாம் இன்று செல்லாது. தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிளினிக்கைப் பதிய வேண்டும். மருத்துவக் கழிவை வகைக்கேற்ற நிறப் பைகளில் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

வரிக்கு நல்ல ஆடிட்டர் போதும். வருட வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் அதில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் வசதி இருக்கிறது. ரொக்கமாக வருவது ஐந்து சதவீதத்தைத் தாண்டாவிட்டால் வரம்பு 75 லட்சம். யு.பி.ஐ. அட்டையை மேசையில் வைக்க இது ஒன்றே போதுமான காரணம்.

கண் மருத்துவர்களுக்கு மதுரையில் வேறொரு வழியும் இருக்கிறது. 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-இல் நிர்வாகப் பயிற்சிக்கென்றே லைகோ என்ற நிறுவனத்தை அமைத்தது.

அப்புறம், சீனியரைத் தேடும்போது வாசலில் நிற்கும் கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். டோக்கன் கொடுக்கும் அம்மா எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். பத்து வருஷம் என்றால், அந்த டாக்டரிடம் போய் உட்காருங்கள்.