தற்காப்புக்கு என்று தாய் சி வகுப்பில் பணம் கட்டப் போகிறீர்களா? என் கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

ஓசூர் சிப்காட்டில் செகண்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் என்னை கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் இறக்கிவிடும்போது நடுராத்திரி ஆகிவிடும். அங்கிருந்து வீட்டுக்கு நடைதான். இரண்டு தடவை பைக்கில் ஒருவன் மெதுவாகப் பின்னாலேயே வந்தான், கை கால் எல்லாம் நடுங்கிப் போனது. அந்தப் பயத்தில் இருந்தபோதுதான் "கத்தியோடு வருபவனையும் ஆறே மாதத்தில் வெறுங்கையால் மடக்கலாம்" என்று, தாய் சி என்ற சீனக் கலை சொல்லித் தரும் வகுப்பின் நோட்டீஸ் கண்ணில் பட்டது. மொத்தமாக 12,000 ரூபாய், சீன உடைக்குத் தனியாக 1,800. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம்.

ஆறு மாதத்தில் பெரும்பாலும் சொல்லித் தந்தது 24 அசைவுகள் கொண்ட ஒரே வரிசை. அது 1956-ல் சீன அரசின் விளையாட்டுத் துறை பொதுமக்கள் உடற்பயிற்சிக்காகச் சுருக்கி அமைத்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உடம்புக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. எங்களோடு வந்த ஒரு பாட்டிக்கு நடையில் தள்ளாட்டம் குறைந்ததை நானே பார்த்தேன். அவருக்கு அந்தப் பணம் வீணில்லை. ஆனால் நான் கேட்டுப் போனது வேறு.

கடைசி மாதம் மரக்கத்தி வைத்து "டிபென்ஸ்" காட்டினார்கள். குத்த வருபவன் கையை நீட்டியபடி அப்படியே நிற்பான், நாங்கள் மணிக்கட்டைத் திருப்பினால் அவனே விழுந்து கொடுப்பான். யாரும் யாரையும் உண்மையாகப் பிடித்ததில்லை, இழுத்ததில்லை. நான் அதை நம்பினேன், இருட்டில் கொஞ்சம் தைரியமாகவும் நடக்க ஆரம்பித்தேன். இப்போது நினைத்தால் அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

பொங்கலுக்குக் காவேரிப்பட்டணத்திலிருந்து சித்தி பையன் வந்திருந்தான், கபடி ஆடுகிறவன். "அக்கா, நான் பிடிக்கிறேன், நீ விடுவிச்சுக்கோ" என்று மணிக்கட்டைப் பிடித்தான். கற்ற எதுவும் வேலை செய்யவில்லை. திருப்பினேன், அவனும் கூடவே திரும்பினான். பின்னாலிருந்து இடுப்பைச் சேர்த்துப் பிடித்தபோது அசையக்கூட முடியவில்லை. அவன் பாதி பலம்கூடப் போடவில்லை என்றான்.

மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "உனக்குள்ள சக்தி இன்னும் சேரல, அடுத்த லெவல் சேரும்மா, 15,000" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, கட்டினது கட்டினதுதான் என்று முடித்துவிட்டார்.

தாய் சியில் சண்டையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஹெனான் மாகாணத்துச் சென் கிராமத்தில் அது பிறந்ததே சண்டைக் கலையாகத்தான். பூட்டுப் பிடிகள், தூக்கி எறிவது, இருவர் கையோடு கை ஒட்டி நிலைகுலைக்கப் பார்க்கும் துய்ஷோ பயிற்சி எல்லாம் அதில் உண்டு. எதிராளி நிஜமாக எதிர்க்கும்போது பழகினால்தான் அவை கைக்கு வரும். 2017-ல் செங்டு நகரில் தாய் சி மாஸ்டர் ஒருவரே ஷூ சியாடாங் என்ற கலப்புச் சண்டை வீரரிடம் அரை நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை, வீடியோ இருக்கிறது. நம்ம ஊர்ச் சிலம்பமோ, ஜூடோவோ, எதில் சேர்ந்தாலும் கேட்க வேண்டியது இதே கேள்விதான்: எதிராளி நிஜமாக எதிர்க்கும்படி பழக்குகிறார்களா?

அதனால் பணம் கட்டும் முன் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். பழைய மாணவி ஒருத்தியின் கையை, விழுந்து கொடுக்காத ஒருவர் இறுக்கிப் பிடிக்கட்டும், அவள் விடுவித்துக் காட்டட்டும். மாஸ்டர் தட்டிக்கழித்தால் எழுந்து வந்துவிடுங்கள். மாதாமாதம் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள், ரசீது கேளுங்கள். எனக்கு ரசீது தரவில்லை, நல்லவேளை ஜிபேயில் அனுப்பியிருந்தேன். அதையும் நோட்டீஸையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அது சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

நேற்று அதே நோட்டீஸ் பஸ் ஸ்டாண்ட் பக்கம் புதிதாக ஒட்டியிருந்தது. இந்த முறை "கல்லூரி மாணவிகளுக்குச் சலுகை" என்று போட்டிருக்கிறார்கள்.