பெட்டியில் வந்த பாய்க்கப்பல்: ஐந்து வருட அனுபவம்

2019 நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சாள், என் மகனுக்கென்று ஒரு பெட்டி கொண்டுவந்தா. மரத்தில் செய்யும் பாய்க்கப்பல் கிட். இரண்டு பாய்மரம், அளவு 1:50, அதாவது உண்மைக் கப்பலின் ஐம்பதில் ஒரு பங்கு. மகன் நாலு துண்டை எடுத்து அடுக்கிப் பார்த்துவிட்டு மூடிவைத்தான். அடுத்த வருடம் பங்குனியில் ஊரடங்கு வந்து என் தையல் கடையைப் பூட்டியபோது நான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். இன்றைக்கு வீட்டில் இரண்டு கப்பல் முடிந்து நிற்கின்றன. முதலாவதுக்கு 14 மாதம் போனது. இரண்டாவதை 2022 ஆவணியில் தொடங்கி 2024 சித்திரையில் முடித்தேன். எனக்குத் தச்சுவேலை தெரியாது. துணி தெரியும், நூல் தெரியும். அந்த அளவோடு தொடங்கியவளின் அனுபவம் இது.

ஸ்பெயினின் ஆர்டிசானியா லத்தினா, ஆக்ரே, இத்தாலியின் அமாட்டி, டென்மார்க்கின் பில்லிங் போட்ஸ் எல்லாம் இப்படியான கிட் செய்கிறவர்களில் தெரிந்த பெயர்கள். மரக்கிட் பெரும்பாலானவற்றில் அடிப்படை ஒன்றுதான். ஏராக்கட்டையும் (கப்பலின் முதுகெலும்பு) வங்குகளும் (விலா எலும்புகள்) பிளைவுட்டில் வெட்டி வரும். வங்கை ஏராவின் வெட்டுகளில் செருகினால் மீன்முள்ளு மாதிரி எலும்புக்கூடு எழும்பி நிற்கும். அதன்மேல் லைம் மரக் கீலங்களால் முதல் பலகை. என்னுடைய கிட்டில் கீலம் 5 மில்லிமீற்றர் அகலம், 1.5 மில்லிமீற்றர் தடிப்பு. இந்த லைம் ஐரோப்பாவின் மென்மரம், எங்கள் தேசிக்காய் மரம் இல்லை. அது காய்ந்த பிறகு, அதன்மேல் கடதாசி மாதிரி மெல்லிய சப்பெலி மரத்தால் இரண்டாவது பலகை. வெளியில் தெரிவது அதுதான்.

எலும்புக்கூடு நின்றவுடன் கப்பல் வந்துவிட்டது போல ஒரு சந்தோசம் வரும். அந்தச் சந்தோசத்தில்தான் பிழை விடுவோம். வங்கின் விளிம்பு நேராக வெட்டப்பட்டிருக்கும். ஆனால் அணியத்திலும் (முன்பக்கம்) கடைப்பக்கத்திலும் (பின்பக்கம்) பலகை சரிந்து வரும், ஆகவே அந்த விளிம்புகளை அரத்தால் சரிவாகச் சீவவேண்டும். ஒரு கீலத்தை அணியத்திலிருந்து கடைசிவரை வளைத்துப் பிடித்தால், ஒவ்வொரு வங்கிலும் அது முழு அகலமாகப் படியவேண்டும். இடையில் வெளிச்சம் தெரிந்தால் இன்னும் அராவவேண்டும். முதல் கப்பலுக்கு இதை ஒரு பின்னேரத்தில் முடித்தேன். இரண்டாவதுக்கு ஒன்பது பின்னேரம் எடுத்தேன். இரண்டு கப்பலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவருக்கும் அந்த எட்டுப் பின்னேர வித்தியாசம் கண்ணில் படும்.

பலகை அடிப்பதுதான் இந்த வேலையின் உயிர். கிட்டோடு வந்த கையேடு இதற்கு ஒரு பக்கம் மட்டும் ஒதுக்கியிருந்தது. கீலங்கள் எல்லாம் ஒரே அகலம். கப்பலோ நடுவில் பருத்து அணியத்தில் ஒடுங்குகிறது. முதல் கப்பலில் கீலங்களை வந்தபடியே ஒட்டிக்கொண்டு போனேன். அணியத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. இடுக்குகளைப் பட்டி போட்டு அடைத்து, சாண்ட்பேப்பர் போட்டு, பெயின்ற் அடித்து மறைத்தேன். பெயின்றுக்குக் கீழே அந்த மேடுபள்ளம் இப்போதும் விரலில் படுகிறது.

இரண்டாவதில்தான் மூளை வேலை செய்தது. இது சட்டைக்கு டாட் பிடிக்கிற கணக்குத்தானே! நெஞ்சுச் சுற்றளவு வேறு, இடுப்புச் சுற்றளவு வேறு என்றால் துணியை அப்படியே விடமாட்டோம், எங்கே எவ்வளவு எடுப்பது என்று பிரிப்போம். நடு வங்கின் விளிம்பைக் கடதாசிக் கீலத்தால் அளந்தேன்: 105 மில்லிமீற்றர். 5 மில்லிமீற்றர் கீலம் என்றால் 21 கீலம். அணியத்தில் அதே அளவு 63 மில்லிமீற்றர்தான். 63 ஐ 21 ஆல் பிரித்தால் 3. அப்படியென்றால் ஒவ்வொரு கீலமும் நடுவில் 5 ஆகவும் அணியத்தில் 3 ஆகவும் இருக்கவேண்டும். கீலத்தை அரைவாசி அகலத்துக்குக் கீழே ஒடுக்கக்கூடாது என்பது பொது விதி. 3 தாராளம். கடைப்பக்கத்தில் கப்பல் விரியும் இடத்தில் நேர்மாறாக, ஆப்பு மாதிரித் துண்டு வைத்து நிரப்பவேண்டும். தையலில் குசெற் வைப்பதும் அதுதான்.

வளைப்பதற்குக் கீலத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, கடையில் பாவிக்கிற ஸ்ரீம் அயன்பொக்ஸின் நுனியால் மெல்ல மெல்லச் சூடுகாட்டி வளைத்தேன். இதற்கென்று விற்கிற மின்சாரக் கருவியை வாங்கத் தேவையில்லை. வளைத்த கீலத்தை உடுப்புக் கிளிப்பால் வங்கோடு பிடித்து, முழுக்கக் காய்ந்த பிறகுதான் ஒட்டவேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் காயும்போது சுருங்கி இடைவெளி விடும்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்துக் காலநிலையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். கையேடு எழுதியவருக்கு எங்கள் மாரி தெரியாது. முதல் கப்பலின் இரண்டாவது பலகையை நான் ஒட்டியது கார்த்திகையில். வெளியே மழை, வீட்டுக்குள் கதவுகளே ஊதி இறுகிக் கிடந்தன. மரம் குடிக்கக்கூடிய ஈரம் முழுவதையும் குடித்திருந்தது. பங்குனி வெயில் வந்ததும் கப்பலின் இரண்டு பக்கமும் தலைமயிர் அகலத்தில் நீட்டுக்கு வெடிப்புகள். அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பெட்டியைத் திறந்து மரத்தை இரண்டு மூன்று கிழமை அறைக் காற்றில் விடுவேன். பலகை ஒட்டுவது மாசியிலிருந்து ஆவணி வரைதான். மாரி மாதங்களை நூல் வேலைக்கும் சின்னச் சாமான்களுக்கும் ஒதுக்கிவிட்டேன். 2022 இல் கரண்ட் இல்லாத இரவுகளில் விளக்கு வெளிச்சத்தில் செய்ததும் கப்பிகளுக்கு நூல் கோர்க்கிற வேலைதான்.

பசை: வங்குக்கும் பலகைக்கும் மரவேலைக்காரர் பாவிக்கும் வெள்ளைப் பசை போதும். சுப்பர் குளூ அவசரத்துக்கு மட்டும். அது பட்ட இடத்தில் பிறகு வார்னிஷ் ஊறாது, பொட்டுப் பொட்டாக வெளுத்துத் தெரியும்.

பித்தளைச் சாமான்கள் உப்புக்காற்றில் நாலு மாதத்தில் பச்சை பிடித்தன. நன்றாகத் துடைத்து, பூட்டுவதற்கு முன்பே வார்னிஷ் ஒரு கை பூசவேண்டும். இரும்புக் குண்டூசி ஒன்றைக்கூட மரத்துக்குள் விடாதீர்கள். கறள் மரத்தில் கறுப்பாக ஊறும். கஸ்தூரியார் வீதியில் நகைவேலைச் சாமான் விற்கிற இடங்களில் மெல்லிய பித்தளைக் கம்பியும் அரை மில்லிமீற்றர் றில் பிற்றும் கிடைக்கும். எனக்கு வேண்டிய சின்ன ஆயுதங்களில் பாதி அங்கேதான் எடுத்தேன்.

ஒரு குறை. இரண்டாவது கிட்டில் சப்பெலிக் கட்டு ஒன்று குறைவாக வந்தது. விற்ற இணையக் கடைக்கு மூன்று தரம் எழுதியும் பதில் இல்லை. கொண்டுவந்தவர் விமானம் ஏறிப் போன பிறகுதான் எண்ணிப் பார்த்தேன் என்பதால், வேறு வழியில்லாமல் தண்ணீருக்குக் கீழே வரும் பகுதியை லைமில் முடித்து வெள்ளை பூசினேன். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால் அவர்கள் நிற்கும்போதே பட்டியலைப் பார்த்து எண்ணுங்கள்.

இனி என் சொந்த நிலம்: நூலும் பாயும். கிட்டோடு வந்த பருத்தி நூலில் பிசிர் அதிகம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கயிறு இல்லை, மயிர்க்கொட்டி. அதைவிடப் பெரிய சிக்கல், பருத்தி ஈரத்தில் இறுகிக் காய்ந்தால் இளகும். முதல் கப்பலின் பாய்மரத்தைப் பிடிக்கிற கயிறுகள் மாரிக்கொரு தரம் விறைத்து, கோடைக்கொரு தரம் தொய்ந்தன. இரண்டாவதுக்கு முழுவதும் பொலியெஸ்ரர் நூல். பாய்மரத்தை அசையாமல் பிடிக்கிறவை தார் பூசிய கயிறுகள் என்பதால் கறுப்பு, பாயை ஏற்றி இறக்குகிறவை மண்ணிறம். தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு தரம் இழுத்து, விரலால் சூடுவர உருவினால் நூல் படிந்து கயிற்றுத் தோற்றம் எடுக்கும்.

மாலுமி ஏறுகிற கயிற்றேணியில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே நான் விட்டது 7 மில்லிமீற்றர், உண்மைக் கப்பலில் 35 சென்ரிமீற்றர். படிகளைத் தாங்கி மேலே போகிற கயிறு நிமிர்கயிறு. ஒரு பக்கத்துக்கு நாலு நிமிர்கயிறு, 20 படி என்றால் 80 முடிச்சு. இரண்டு பாய்மரம், இரண்டு பக்கம்: 320. எல்லாம் ஒரே அளவு இறுக்கம். கொஞ்சம் கூடினால் நிமிர்கயிறு உள்ளே வளைந்து இடுப்புப் பிடித்த சட்டை மாதிரி ஆகிவிடும். கடதாசியில் கோடு கீறிப் பின்னால் ஒட்டிவிட்டு, கோட்டின்மேல் முடிந்துகொண்டு போனால் பிசகாது. ஒரு நாளைக்கு நாலு படிக்குமேல் கட்டுவதில்லை. கை களைத்தால் இறுக்கம் மாறும்.

பாய்த் துணியும் கிட்டில் வரும். அதில் மெஷின் தையல் போட்டிருந்தார்கள். 2 மில்லிமீற்றர் தையல் 1:50 அளவில் 10 சென்ரிமீற்றர் தையல். அப்படித் தைத்த பாய் முதல் காற்றுக்கே கிழியும். நான் அப்பாவின் பழைய வேட்டியில் தோய்த்துத் தோய்த்து மெலிந்த பகுதியை வெட்டினேன். தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து நிழலில் காயவிட்டு, துணிப்பட்டிகளின் இணைப்பைப் பென்சிலால் மெல்லக் கீறினேன். தையல் ஓரத்துக்கு மட்டும். ஓரக்கயிற்றைத் துணியோடு கையால் பிடித்துத் தைத்தேன். இதுவரை இந்தக் கைகள் செய்த தையலில் எனக்கு மிகப் பிடித்தது அந்த முன்பாய்தான்.

கிட்டில் உள்ளதை மாற்றிக் கட்டும் ஆசை வந்தது அம்மாவின் சித்தப்பாவால். வல்வெட்டித்துறைக்காரர், 84 வயது. நாங்கள் அப்பு என்று கூப்பிடுவோம். பெடியனாக இருந்தபோது பாய்க்கப்பலில் போய் வந்தவர். முதல் கப்பலைக் காட்டியபோது, "வடிவாய்த்தான் இருக்கு பிள்ளை, ஆனா எங்கட ஆக்கள் கட்டினது இதைவிடப் பெரிசெல்லே" என்றார். அவர் நினைத்தது அன்னபூரணியை. வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தக் கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் வாங்கி, புளோறன்ஸ் சி. றொபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டுபோய் 1938 ஓகஸ்ட்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறையில் சேர்த்தார்கள். நீளம் 89 அடி, அகலம் 19 அடி. 1:50 இல் 54 சென்ரிமீற்றர் நீளம், 11.6 சென்ரிமீற்றர் அகலம்.

என் இரண்டாவது கிட்டின் உடல் 51 சென்ரிமீற்றர். கிட்டத்தட்ட வருகிறதே என்று அன்னபூரணி மாதிரி முன்பாய்மரத்தில் குறுக்குப் பருமல்கள் (பாயைக் கட்டும் தடிகள்) போட்டேன். உருளைத் தடியை றில் மெஷினில் பூட்டிச் சுழலவிட்டு, சாண்ட்பேப்பரைச் சுற்றிப் பிடித்து இரண்டு நுனியையும் ஒடுக்கினேன். மேல்தளக் கீலங்கள் ஒவ்வொன்றின் ஒரு விளிம்பிலும் 6பி பென்சிலைத் தேய்த்து ஒட்டினால், பலகை இடுக்கை அடைத்துக் கலபத்து அடித்த கறுப்புக் கோடு அப்படியே தெரியும். ஊர் வேம்பிலும் பலகை சீவிப் பார்த்தேன். மனதுக்குப் பிடித்திருந்தது, கண்ணுக்குப் பிடிக்கவில்லை. இந்தச் சின்ன அளவில் வேம்பின் ரேகை பெரிதாகத் தெரிந்து கப்பலைப் பொம்மையாக்குகிறது. பலகைக்கு லைமும் சப்பெலியும்தான் சரி. வேம்பில் தாங்குகட்டை மட்டும் செய்தேன்.

முடிந்த பிறகு அன்னபூரணி என்று பெயர்ப்பலகை எழுதச் சொல்லி எல்லோரும் கேட்டார்கள். எழுதவில்லை. பருமலை மாற்றலாம், பாயை மாற்றலாம், ஆனால் வங்குகள் வேறொரு நாட்டுக் கப்பலின் வங்குகள். கப்பல் கட்டும் ஓடாவிகள் கண்ணளவில் பிடித்த அந்த வளைவு இந்தப் பெட்டியில் வரவில்லை. கிட்டை வாங்கி மாற்றிக் கட்ட நினைக்கிறவர்கள் இந்த எல்லையைத் தெரிந்துகொண்டு வாங்கவேண்டும்: தண்ணீருக்கு மேலே எதையும் மாற்றலாம், உடலை மாற்றமுடியாது.

அப்புவுக்கு இப்போது கண் பார்வை மங்கல். கப்பலை விரலால்தான் பார்ப்பார். பாயை ஏற்றி இறக்குகிற ஆஞ்சான் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு கீழே வந்தவர், கயிறு சுற்றிக் கட்டும் ஒரு முளையில் நின்றுவிட்டார். வரைபடத்தில் உள்ளபடி இரண்டு பாயின் ஆஞ்சானையும் நான் ஒரே முளையில் சுற்றியிருந்தேன்.

"ரெண்டையும் ஒண்டில கட்டினா, காத்து மாறேக்க எதை முதல் அவிழ்ப்பாய் பிள்ளை?"

மேலே கட்டியதை எடுக்காமல் கீழே உள்ளதைத் தொடமுடியாது. இன்னொரு முளை செதுக்கி வைத்தேன்.

கடைசியாக, கண்ணாடிப் பெட்டிக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள். சோளகக் காற்றின் புழுதி நூலில் படிந்தால் துடைத்து எடுக்கவே முடியாது. பல்லி ஒன்று கயிற்றேணியில் ஓடி முதல் கப்பலில் மூன்று படியை அறுத்தது. எனக்குப் பெட்டி செய்ய 18,000 ரூபா போனது. முன்கண்ணாடியை மட்டும் ஒட்டவேண்டாம், மேலே இழுத்து எடுக்கிற மாதிரி விடுங்கள் என்று கடைக்காரத் தம்பியிடம் சொன்னேன். போன மாதம் அப்பு வந்தபோது அதை இழுத்துவிட்டேன். அணியத்திலிருந்து தடவிக்கொண்டு போனவர், பின்பாய்மரத்தின் இடப்பக்கத்து மூன்றாவது நிமிர்கயிறு இளகிக் கிடக்கிறது என்றார். பொலியெஸ்ரர்தான், ஆனாலும் இளகித்தான் இருந்தது. அன்றிரவு அதன் அடிமுடிச்சை அவிழ்த்துத் திரும்ப இறுக்கினேன்.